பலாலி வீதியில் பறப்பவர்களும் நடப்பவர்களும்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் அநேகம் வீதியைப் பற்றியவை. யாழ்ப்பாணத்தின் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்கத்து வாசகர்கள்தான் கூடுதலாக எழுதியிருக்கிறார்கள். ஒரே விடயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

எங்கட ஒழுங்கையிலிருந்து ஸ்கூட்டியில் பலாலி வீதிக்கு ஏறுவதே பெரும்பாடாகிவிட்டது. இரண்டு பக்கமும் ஆளுயர மதில். மூக்கை நீட்டினால்தான் வாகனம் தெரியும். நீட்டினால் இடித்துவிடுவார்கள் போல வருகிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, கோண்டாவில்

முன்பு கிடுகு வேலியும் கதியால் வேலியும் இருந்த இடங்களில் இப்போது ஆறடி மதில். வேலி இடுக்கால் ஏதோ அசைவாவது தெரியும், மதிலில் அதுவும் இல்லை. வீதியோ காப்பெற் போட்டு வழுவழுப்பாகிவிட்டது. பார்வை குறைந்த அதே காலத்தில் வேகம் கூடியதுதான் உங்கள் சிக்கல்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் வாகனம் ஒரு செக்கனில் 14 மீற்றர் கடக்கிறது. நின்ற இடத்திலிருந்து ஸ்கூட்டியை எடுத்து, இடப்பக்கம் திரும்பி, வீதியின் ஓட்டத்தோடு சேர 5 செக்கன் வேண்டும். ஆகவே வலப்பக்கம் 70 மீற்றராவது வெறுமையாகத் தெரிய வேண்டும். வருபவர் 70இல் வந்தால் ஏறக்குறைய 100 மீற்றர். ஒழுங்கை வாயிலிலிருந்து 70 மீற்றர் எங்கே முடிகிறது என்று ஒரு நாள் காலடியால் அளந்து, அந்த இடத்துக் கடையையோ மின்கம்பத்தையோ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாகனம் அந்த அடையாளத்துக்கு அங்கால் என்றால் ஏறலாம், இங்கால் என்றால் நிற்க வேண்டும். ‘வேகமா வாறானோ, மெதுவா வாறானோ’ என்று கண்ணால் நிதானிப்பதைவிட இது நம்பகமானது. நேர் எதிரே வரும் வாகனத்தின் வேகத்தைக் கணிப்பதில் மனிதக் கண் மிக மோசம், அதிலும் மோட்டார் சைக்கிள் போல ஒடுங்கிய வாகனத்தில்.

ஏறும் முறையும் முக்கியம். மதில் முடியும் இடத்தில் ஒருமுறை முழுதாக நில்லுங்கள். பிறகு இரண்டு காலும் நிலத்தில் ஊன்றியபடி, ஒரு சாண் ஒரு சாணாக முன்னே வாருங்கள். ஸ்கூட்டியில் உங்கள் கண் முன்சில்லின் நுனிக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர் பின்னால் இருக்கிறது. காரில் இரண்டு மீற்றருக்கு மேல். ஒழுங்கையால் கார் எடுப்பவர் வீதியைப் பார்க்க முன்னரே பொனற் வீதிக்குள் போய்விடுவது இதனால்தான். வீட்டில் ஒருவர் இறங்கி நின்று பார்த்துச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

காலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் வலப்பக்கம் திரும்ப முயல வேண்டாம். இடப்பக்கம் திரும்பிச் சற்றுத் தூரம் போய், வீதி அகன்ற இடத்தில் நின்று திரும்பி வாருங்கள். இரண்டு நிமிடம் கூடச் செல்லும், அவ்வளவுதான்.

நிலையான தீர்வு இரண்டு. முதலாவது, மூலை மதிலை வீதியோரத்திலிருந்து 3 மீற்றர் நீளத்துக்கு ஒரு மீற்றர் உயரமாகக் குறைப்பது. மறைப்பு வேண்டுமென்றால் மேலே கம்பி வலை போடலாம், பூங்கொடி படரவிடக் கூடாது. இரண்டாவது, ஒழுங்கை வாயிலுக்கு நேர் எதிரே குவிவுக் கண்ணாடி. விட்டம் 60 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் பயனில்லை. அதை இரண்டரை மீற்றர் உயரத்தில், சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துப் பூட்ட வேண்டும். மின்கம்பத்தில் கட்டுவதானால் மின்சார சபையிடமும், வீதியோரத்தில் தனிக்கம்பம் நடுவதானால் வீதிக்குப் பொறுப்பானவர்களிடமும் எழுத்தில் கேளுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: குவிவுக் கண்ணாடியில் வாகனம் உள்ளதைவிடத் தூரத்தில் இருப்பதாகத் தெரியும். ‘வாகனம் வருகிறதா, இல்லையா’ என்பதற்கு மட்டும் அதைப் பாருங்கள், தூரம் கணிக்க வேண்டாம்.

காங்கேசன்துறை வீதியில் தனியார் பஸ்ஸும் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸும் ஓட்டப்போட்டி நடத்துகின்றன. யாரிடம் முறையிடுவது? முறையிட்டால் ஏதாவது நடக்குமா?
– நாளாந்தப் பயணி, இணுவில்

எங்கே ஓட்டம் தொடங்குகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நிலையத்திலிருந்து வெளிக்கிட்ட பஸ் முதலில் ஊர்ந்துதான் வரும். ஒவ்வொரு சந்தியிலும் நிற்கும், ‘ஏறு ஏறு’ என்று நடத்துநர் கூப்பிடுவார். பின்னால் அடுத்த பஸ் கண்ணில் பட்டதும் பறக்கும். முன்னுக்குப் போகிறவனுக்குத்தான் அடுத்த தரிப்பிடத்துச் சனம். அன்றைய வசூலைப் பொறுத்துத்தான் சாரதிக்கும் நடத்துநருக்கும் கையில் காசு என்றால், நேர அட்டவணை வெறும் கடதாசிதான். சாரதியின் குணம் ஒரு பங்கு. வசூல் முறை பெரிய பங்கு. ஒரு சாரதியை மாற்றினாலும் அடுத்தவரும் அதே வீதியில் அதே மாதிரித்தான் ஓடுவார்.

முறையிட்டால் நடக்குமா என்பது நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ‘பஸ்காரர் கண்மூடித்தனமாக ஓடுகிறார்கள்’ என்ற கடிதத்தை வைத்து எந்த அதிகாரியாலும் எதுவும் செய்ய முடியாது. எழுத வேண்டியவை: பதிவிலக்கம், தட இலக்கம், திகதி, நிமிடம் வரை நேரம், போன திசை, நடந்த இடம் (‘மருதனார்மடம் சந்திக்கு வடக்கே, இன்ன கடைக்கு முன்’ என்ற அளவுக்கு), என்ன செய்தது என்பது ஒரே வசனத்தில். உதாரணமாக, ‘வெள்ளைத் தொடர்கோட்டைக் கடந்து மற்றப் பஸ்ஸை முந்தியது’, ‘ஒரு கால் மிதிபலகையில் இருக்கும்போதே பஸ்ஸை எடுத்தது’. பயணச்சீட்டைப் படமெடுத்து இணையுங்கள். நீங்கள் அந்த நேரத்தில் அந்த பஸ்ஸில் இருந்ததற்கு அதுவே சாட்சி. சீட்டுத் தராவிட்டால் அதுவும் ஒரு முறைப்பாடு.

மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ் என்றால், வழி அனுமதிப்பத்திரம் கொடுக்கும் வடமாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபைக்கு எழுதுங்கள். கொழும்பு போன்ற மாகாணங்களுக்கு இடையிலான சேவைக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, தொலைபேசி 1955. இ.போ.ச. பஸ் என்றால் அது எந்தச் சாலையை (டிப்போவை)ச் சேர்ந்ததோ அந்தச் சாலை முகாமையாளருக்கு. ஓடிக்கொண்டிருக்கும்போதே உயிராபத்து என்று தெரிந்தால் பொலிஸ் அவசர இலக்கம் 119.

ஒரே பஸ்ஸைப் பற்றி ஒருவர் பத்துக் கடிதம் எழுதுவதைவிட, பத்துப் பயணிகள் வெவ்வேறு நாட்களில் ஆளுக்கொன்று எழுதுவது பலமானது. அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது கோவையில் கிடப்பது அதுதான்.

பஸ்ஸுக்குள் இருக்கும் நேரத்தில் சாரதியோடு வாய்த்தர்க்கம் வேண்டாம். கோபப்பட்டவரின் கால் அக்சிலேற்றரில்தான் அழுந்தும். நடத்துநரிடம் ‘தம்பி, அடுத்த தரிப்பில இறக்கிவிடும்’ என்று சொல்லி இறங்கிவிடுங்கள்.

முன்னால் போகும் ஓட்டோ சிக்னல் இல்லாமல் சடாரென்று திரும்புகிறது. இரண்டு முறை விழப் பார்த்தேன்.
– மோட்டார் சைக்கிள் ஓட்டுநர், கொக்குவில்

ஓட்டோவின் சிக்னலைப் பார்க்காதீர்கள், முன்சில்லைப் பாருங்கள். முச்சக்கரவண்டி மிகச் சிறிய வட்டத்துக்குள் திரும்பக்கூடியது. வேறு வாகனம் திரும்ப இடம் தேடும், ஓட்டோவுக்கு நின்ற இடமே போதும். ஆனால் உடம்பு திரும்புமுன் சில்லு திரும்பும். இன்னும் சில அறிகுறிகள் உண்டு. வெறும் ஓட்டோ வேகம் குறைந்து இடது ஓரத்தை அணைத்தால், சாரதி ஆள் தேடுகிறார். வீதியோரத்தில் யாரோ கை காட்டினால் உடனே நிற்கும். கை காட்டியவர் எதிர்ப்பக்கத்தில் நின்றால் உடனே திரும்பும். பின்சீற்றில் இருப்பவர் முன்னே குனிந்து ஏதோ சொன்னால், இறங்கும் இடம் வந்துவிட்டது.

பின்னால் போகும்போது இரண்டு செக்கன் இடைவெளி வேண்டும். ஓட்டோ ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று சொல்லி முடிக்குமுன் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் கிட்டப் போகிறீர்கள். மழையில் நான்கு. கோண்டாவில், இணுவில், உரும்பிராய்ப் பக்கத் தோட்டங்களிலிருந்து லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) ஏறும் இடங்களில் செம்மண் தாரில் அப்பிக் கிடக்கும். முதல் மழைக்கு அது கிறீஸ் மாதிரி. அந்த இடத்தில் முன்பிரேக்கைத் திடீரென்று அழுத்தினால் விழுத்தும். நிமிர்ந்த நிலையில், முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துங்கள்.

முந்துவதானால் வலப்பக்கத்தால், ஒன்றரை மீற்றர் விட்டு. இடப்பக்கத்தால் நுழைவது சட்டப்படியும் தவறு. ஓட்டோ ஆளிறக்குவதும் அந்தப் பக்கம்தான்.

நான் 50இல் போனால் பின்னால் வருபவர்கள் ஹோர்ன் அடித்தே கொல்கிறார்கள். 70இல் போனால்தான் என்ன? காப்பெற் றோட்டுத்தானே.
– வான் சாரதி, சுன்னாகம்

குடியிருப்புப் பகுதியில் உங்கள் வானுக்கு எல்லை 50, ஓட்டோவுக்கு 40. அதை விடுங்கள், பிரேக்கைப் பார்ப்போம்.

நாய் ஒன்று குறுக்கே வருகிறது. கண் கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை செக்கன். 50இல் அதற்குள் 21 மீற்றர் போய்விடும். நல்ல ரயர், காய்ந்த வீதி என்றால் பிரேக் பிடித்தபின் இன்னும் 14 மீற்றர். மொத்தம் 35. 70இல் இதே கணக்கு 29உம் 28உம், மொத்தம் 57 மீற்றர்.

இந்த 22 மீற்றர் வித்தியாசத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். 50இல் வந்தவர் முழுதாக நின்ற அதே 35ஆவது மீற்றரில், 70இல் வந்தவர் பிரேக்கில் காலை வைத்து ஆறு மீற்றர்தான் ஆகிறது. வண்டி அப்போதும் 60க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் நிற்பது நாயாக இல்லாமல் சைக்கிளில் வந்த பிள்ளையாக இருந்தால் என்னவென்று நீங்களே யோசியுங்கள்.

லாபம்? 10 கிலோமீற்றரில், ஒரு சந்தியிலும் நிற்காமல் போனால், மூன்றரை நிமிடம். தட்டாதெருச் சந்தியில் ஒருதரம் மாட்டுப்பட்டால் அதுவும் போச்சு.

ஹோர்ன் அடிப்பவருக்கு இடது சிக்னல் போட்டு, ஓரத்தை அணைத்து, வேகத்தைச் சற்றுக் குறைத்து வழிவிடுங்கள். கையைக் காட்டி ‘போ’ என்று சொல்ல வேண்டாம். எதிரே வருவதைப் பார்க்க வேண்டியவர் அவர். உங்கள் கையை நம்பி ஏறினால் பழி உங்களுக்கும் வரும்.

என் அம்மாவுக்கு 74 வயது. திருநெல்வேலிச் சந்தைக்கு அவர் தனியாகத்தான் போய்வருவார். கடவையில் நின்றாலும் ஒருவரும் நிறுத்துவதில்லை என்கிறார்.
– வாசகர், கல்வியங்காடு

வயதானவர் செக்கனுக்கு ஒரு மீற்றர் நடப்பார். ஏழு மீற்றர் வீதிக்கு ஏழு செக்கன். அதற்குள் 50இல் வரும் வாகனம் கிட்டத்தட்ட 100 மீற்றர் வந்துவிடும். ஆகவே வெறும் வீதி பார்த்துக் கடப்பது சந்தை நேரத்தில் நடக்காது, வாகனத்தை நிறுத்த வைத்துத்தான் கடக்க வேண்டும்.

கடவையின் நுனியில், வீதியை நோக்கி நிற்கச் சொல்லுங்கள். பக்கவாட்டாக, பையோடு, யாரோடோ கதைத்தபடி நின்றால் சாரதிக்கு அவர் கடக்கப்போகிறவராகத் தெரியாது. வலது கையை முன்னே நீட்டட்டும். முதல் வாகனம் நின்றதும் ஒரே மூச்சில் முழு வீதியையும் கடக்கக் கூடாது, பெரிய ஆபத்து அங்கேதான். கார் நிற்கும், அதன் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் ஏன் நின்றது என்று பாராமல் வலப்பக்கத்தால் வெட்டிக்கொண்டு வரும். நின்ற வாகனத்தின் வலது ஓரம் வரை போய், அங்கே நின்று எட்டிப் பார்த்து, பிறகு மற்றப் பாதியைக் கடக்க வேண்டும். நின்ற வாகனம் பஸ் என்றால் இரட்டிப்புக் கவனம், அது அங்கால் இருப்பதை முழுதாக மறைக்கும்.

வாகனம் ஓட்டுபவர்களுக்கும் ஒன்று: கடவைக்கு மூன்று மீற்றர் முன்னரே நிறுத்துங்கள். கடவையை ஒட்டி நிறுத்தினால் உங்கள் வண்டியே அந்த அம்மாவை மறைத்துவிடும்.

பின்னேரம் போவதானால் வெளிர் நிறச் சேலை நல்லது.

இரவில் எதிரே வரும் வாகனங்களின் வெளிச்சம் கண்ணைக் குருடாக்குகிறது. லைட் இல்லாத சைக்கிள்கள் வேறு.
– வாசகர், அரியாலை

எதிர்வெளிச்சத்தைப் பார்க்காமல் வீதியின் இடது ஓரக் கோட்டைப் பாருங்கள். கோடு இல்லாத வீதியில் தார் முடியும் விளிம்பு. வேகத்தை உடனே குறையுங்கள், ஏனென்றால் வாகனம் கடந்து போனபின்னும் சில செக்கன் கண் சரியாக வராது. அந்தச் சில செக்கனில்தான் சைக்கிள்காரர் அடிபடுகிறார். பழிக்குப் பழியாக நீங்களும் பெரிய வெளிச்சம் போட்டால், கண் தெரியாத இருவர் ஒருவரை ஒருவர் நோக்கி வருகிறீர்கள்.

கண்ணாடியின் உட்பக்கத்தையும் துடையுங்கள். வெளிப்பக்கம்தான் எல்லோரும் துடைப்பது. உள்ளே படியும் மெல்லிய எண்ணெய்ப் படை வெளிச்சத்தைச் சிதறடிக்கும். கீறல் விழுந்த ஹெல்மெற் கண்ணாடியும் அப்படியே, மாற்றிவிடுங்கள். ஹெல்மெற் வாங்கும்போது எஸ்.எல்.எஸ். 517 என்ற இலங்கைத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சாதாரண பல்ப் வைக்கும் கூட்டுக்குள் சந்தையில் விற்கும் எல்.ஈ.டி. பல்பைச் செருகுவது இப்போது பரவிய பழக்கம். வெளிச்சம் கூடியது போலத் தெரியும். ஆனால் ஒளி புறப்படும் இடம் மாறுவதால் கீழே விழவேண்டியது மேலே, எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும். சோதிக்க எளிய வழி: மட்டமான நிலத்தில், சுவரிலிருந்து 5 மீற்றர் தள்ளி நிறுத்திச் சின்ன வெளிச்சம் போடுங்கள். சுவரில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு உங்கள் ஹெட்லைற்றின் உயரத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே ஏறினால் சரிசெய்யும் ஆணியைத் திருப்புங்கள், அதற்கும் வராவிட்டால் பழைய பல்பைப் போடுங்கள்.

சைக்கிளுக்கு டைனமோ இல்லாவிட்டாலும், பின் மட்காட்டில் சிவப்புத் தெறிகண்ணாடி, இரண்டு பெடலிலும் மஞ்சள் தெறிகண்ணாடி. பெடல் மேலும் கீழும் ஆடுவதால் தூரத்திலேயே ‘சைக்கிள்’ என்று தெரிந்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பெடியனுக்குப் 16 வயது. சைலன்சரை வெட்டிவிட்ட மோட்டார் சைக்கிளில் ஒழுங்கைக்குள் பறக்கிறான். தகப்பனிடம் சொன்னால் சிரிக்கிறார்.
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி

18 வயது நிரம்பாதவருக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் கிடையாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டுவதற்குத் தண்டம் 25,000 ரூபாவுக்குக் குறையாது. தெரிந்துகொண்டே வண்டியைக் கொடுக்கும் உரிமையாளரும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இதற்கு மேல் ஒன்றைத் தகப்பனிடம் சொல்லிப் பாருங்கள்: பெடியன் யாரையாவது இடித்தால், அனுமதிப்பத்திரம் இல்லாத ஓட்டுநர் என்று காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கலாம். நட்டஈட்டுக்குக் காணியைத்தான் விற்க வேண்டிவரும். காணி என்றதும் சிரிப்பு நிற்கும்.

ஒழுங்கையில் நாங்களே சீமெந்தால் வேகத்தடை போடலாமா?
– ஒழுங்கைவாசிகள், கொக்குவில்

வேண்டாம். கையால் போடும் தடைகள் பெரும்பாலும் ஒரு அடி அகலமும் அரையடி உயரமுமான திட்டுகள். மோட்டார் சைக்கிள்காரன் ஓரத்தால் வெட்டிப் போய்விடுவான். சைக்கிளில் வரும் வயோதிபரும், பின்னால் இருக்கும் கர்ப்பிணியும், அம்புலன்ஸில் படுத்திருக்கும் நோயாளியும்தான் துள்ளி விழுவார்கள். மாரியில் அதற்குப் பின்னால் வெள்ளம் தேங்கித் தாரும் பெயரும்.

சரியான தடை வில்வளைவாக, வாகனம் போகும் திசையில் 3.7 மீற்றர் நீளமும், நடுவில் 7.5 முதல் 10 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டது. இரு ஓரத்திலும் மழைநீர் ஓட வாய்க்கால் விட வேண்டும். கோடு அடித்து, முன்கூட்டியே பலகையும் நட வேண்டும். உங்கள் ஒழுங்கை நல்லூர் பிரதேச சபைக்குரியது என்றால் சபைக்கு, குடியிருப்பாளர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு எழுதுங்கள். ஏ, பி தரப் பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பு, சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். தவறான கதவைத் தட்டினால் கடிதம் மேசை மேசையாகச் சுற்றும்.

கடிதத்தோடு ஒரு தாள் வையுங்கள். இரண்டு மின்கம்பங்களுக்கு இடையே 50 மீற்றர் அளந்து, தொலைபேசி நிறுத்தற்கடிகாரத்தால் வாகனங்கள் கடக்கும் நேரத்தை ஒரு மணிநேரம் குறித்துக்கொள்ளுங்கள். 3.6 செக்கன் என்றால் 50 கி.மீ., 2.6 செக்கன் என்றால் 70. நீதிமன்றத்துக்கு இது சாட்சியாகாது, ஆனால் பொறியியலாளரின் மேசையில் ‘மிகவும் வேகமாக’ என்ற சொல்லைவிடக் கனமானது.

முந்திச் சென்ற வாகனத்தைக் கமெராவில் எடுத்து முகநூலில் போட்டேன். எல்லோரும் திட்டினார்கள், ஆனால் ஒன்றும் நடக்கவில்லை.
– வாசகர், மானிப்பாய்

முதலில் பொலிஸ், முகநூல் பிறகு, அல்லது வேண்டவே வேண்டாம். வட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி இலக்கத்தகடு மங்கிவிடும். மூலப் பதிவை வெட்டாமல், பாட்டுச் சேர்க்காமல், அப்படியே பிரதி எடுத்து வையுங்கள். கமெராவில் திகதியும் நேரமும் சரியா என்று இன்றே பாருங்கள். பற்றறி இறங்கினால் பழைய திகதிக்குப் போய்விடும். அட்டை நிரம்பியதும் பழைய பதிவின்மேல் புதியது எழுதப்படும், ஆகவே சம்பவம் நடந்ததும் பூட்டும் பொத்தானை அழுத்துங்கள். பொலிஸ் திணைக்களத்தின் ஈ-ட்ராஃபிக் செயலி வழியாகவும் படமும் காணொளியும் அனுப்பலாம். வண்டி ஓட்டிக்கொண்டே தொலைபேசியில் படம் எடுப்பவரும் குற்றவாளிதான்.

விபத்து நடந்த இடத்தில் எங்கட சனம் முதலில் செய்வது தண்ணி பருக்குவது. சரியா?
– தாதியர் ஒருவர், யாழ்ப்பாணம்

உங்களுக்குத் தெரிந்தே கேட்கிறீர்கள். தண்ணீர் கூடாது. மயக்கத்தில் புரையேறும், சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். சந்தியின் பெயரையும் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் கேட்டு முடிக்கும்வரை தொலைபேசியை வைக்க வேண்டாம். இரத்தம் ஓடும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெற்றைக் கழற்ற வேண்டாம். கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஓட்டோவுக்குள் மடித்துப் போடுவதால், முறிந்த கழுத்தோடு தப்பியிருக்கக்கூடியவர் ஆயுளுக்கும் படுக்கையாகலாம். தீப்பற்றும் ஆபத்தோ, அடுத்த வாகனம் ஏறும் ஆபத்தோ இருந்தால் மட்டும் நகர்த்துங்கள்.

ஒருவர் 50 மீற்றர் பின்னால் போய் நின்று வரும் வாகனங்களை மெதுவாக்கட்டும். கூட்டத்தில் ஆள் குறைவதில்லை, இந்த வேலைக்குத்தான் ஒருவரும் போவதில்லை.